விசுவாசத்துக்கு யார் சான்றிதழ் தருவது?

(இயக்கத் தோழர்களும் கல்லூரி மாணவர்களும் கலந்துகொண்ட ஒருநாள் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



‘மதமாற்றமும் தலித் விடுதலையும்’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மதமாற்றத்தைப் பற்றிப் பேச நம்மிடம் ஆள் நிறைய இருக்கிறது. 1935இல் இயோலாவில் அம்பேத்கர் அறிவித்தது, 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் பௌத்தம் தழுவியது, 1981இல் மீனாட்சிபுரம், இதையெல்லாம் நீங்கள் என்னைவிட நன்றாகவே பேசுவீர்கள். நான் பேச வந்தது அதற்குப் பக்கத்து விஷயம். மாறின பிறகு அந்த ஆளுக்குள்ள என்ன நடக்குது? நாளெல்லாம் நடவு நட்டுட்டு வந்து, ராத்திரி பாயில உட்கார்ந்து ஒரு சேரிப் பொம்பள ஜெபம் பண்ணுறா. அவ யார்கிட்ட பேசுறா, என்ன பேசுறா? இதை நாம் கேட்டதே இல்லை.

நம்ம கூட்டங்களில் ‘மதமாற்றம்’ என்று சொன்னால் கைதட்டுகிறார்கள். ‘விசுவாசம்’ என்று சொன்னால் நெளிகிறார்கள். மதமாற்றம் அரசியல், விசுவாசம் ஏதோ பலவீனம் என்கிற மாதிரி. “தோழர், நீங்க போய் ஜெபமெல்லாம் பண்ணுவீங்களா?” என்று என்னிடமே ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பண்ணுவேன் தம்பி. தினமும் பண்ணுகிறேன்.

நாங்கள் கிறிஸ்தவர்களானதற்கு இரண்டு விளக்கம்தான் புழக்கத்தில் இருக்கிறது. ஒன்று, சோத்துக்குப் போனான், பால் பவுடருக்குப் போனான் என்பது. இன்னொன்று நம்ம ஆட்கள் சொல்வது: சாதி இழிவிலிருந்து தப்பிக்கச் செய்த கலகம். முதலாவது வசவு, இரண்டாவது பாராட்டு. ஆனால் இரண்டும் ஒரு இடத்தில் ஒத்துப்போகின்றன. எங்களுக்கு வயிறு இருக்கிறது, முதுகில் தழும்பு இருக்கிறது; உள்ளம் மட்டும் இல்லை. பார்ப்பானுக்கு ஆன்மீகத் தேடல் வரும், வேளாளனுக்குத் தத்துவ விசாரம் வரும். பறையனுக்கும் சக்கிலியனுக்கும் பசி மட்டும்தான் வரும் போலிருக்கிறது!

சோத்துக் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். 1876–78 பெரும் பஞ்சத்தில் ஓங்கோல் பக்கம் அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த கிளஃப் இருந்தார். பக்கிங்காம் கால்வாய் வெட்டுகிற வேலையில் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்து, மாதிகா மக்களுக்குக் கூலி வேலை கொடுத்தார். அந்த நாளில் ஞானஸ்நானம் கேட்டு வந்தவர்களுக்கு அவர் கொடுக்கவில்லை. நிவாரண வேலை முடியட்டும் என்று நிறுத்தி வைத்தார். வேலை முடிந்தது, கூலியும் நின்றது. அதற்குப் பிறகுதான் 1878 ஜூலை 3ஆம் தேதி ஒரே நாளில் 2,222 பேர் குண்டலகம்மா ஆற்றில் முழுக்கு எடுத்தார்கள். சோறு நின்ற பிறகு வந்தவனை எப்படிய்யா சோத்துக் கிறிஸ்தவன் என்பது?

இன்னும் பின்னால் போகலாம். 1720களில் தஞ்சாவூர் ராஜாவின் படையில் ராஜநாயக்கன் என்று ஒருவர் இருந்தார். பறையர். பிறப்பில் கத்தோலிக்கர். தரங்கம்பாடியில் அச்சடித்த சுவிசேஷப் புத்தகம் ஒன்று எப்படியோ அவர் கைக்கு வந்து சேர்ந்தது. அவர் வாசித்தார். வாசித்துவிட்டு, மேலும் தெரிந்துகொள்ள அவராகவே தரங்கம்பாடி மிஷனைத் தேடிப் போனார். யாரும் அவரைப் பிடித்து இழுக்கவில்லை. முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பறையர் தனியாக உட்கார்ந்து புத்தகம் படித்து, தன் ஆத்துமாவைப் பற்றி ஒரு முடிவெடுத்திருக்கிறார். நம்ம வாசிப்பு வரலாற்றை எழுதுகிறவர்கள் இதை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள்.

அடுத்து நடந்ததையும் சொல்லணும். உபதேசியாராக அவர் நல்லா வேலை செய்தார். 1733இல் தமிழர் ஒருவரைக் குருவாக அபிஷேகம் பண்ண முடிவு செய்தபோது அவர் பெயரும் அடிபட்டது. கடைசியில் அபிஷேகம் பெற்றவர் ஆரோன், வேளாளர். பறையர் கையால் ராப்போஜனம் வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் வரமாட்டார்கள் என்பதுதான் கணக்கு. அவர் கடைசிவரை உபதேசியாராகவே இருந்தார். விசுவாசமும் அவமானமும் ஒரே வாழ்க்கையில், ஒரே கோயிலில்.

தெற்கே மயிலாடியில் மகாராசன். சாம்பவர். சிதம்பரத்துக்கு யாத்திரை போனவர், அங்கே மனசு ஆறாமல் தஞ்சாவூருக்கு வந்து, அங்கே ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கமாகத் திரும்பினார். தன் சனத்தைக் கூட்டி அவரே ஜெபம் நடத்தினார். 1806இல் ரிங்கல்தௌபே என்கிற ஜெர்மன் மிஷனரி மயிலாடிக்கு வந்தது இவர் கூப்பிட்டுத்தான். மிஷனரி வந்து எங்களுக்கு வெளிச்சம் காட்டினார் என்று சபை வரலாறு சொல்லும். மயிலாடியில் விளக்கு முதலிலேயே எரிந்துகொண்டிருந்தது. மிஷனரி அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் வந்தார்.

இனி என் கதை.

கீழத்தஞ்சையில் ஒரு சேரி. அம்மா நடவாள். வீட்டுச் சாமி காத்தவராயன், பெரியாச்சி. இன்றைக்கும் நான் அந்தச் சாமிகளைப் பேய் என்று சொல்ல மாட்டேன். எங்க சபையில சொல்வாங்க, எனக்கும் அவங்களுக்கும் அதில் சண்டை உண்டு. எங்க சனத்தை நூறு நூறு வருஷமா தாங்கிப் பிடிச்ச சாமிங்க அவங்க.

ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படித்தபோது அறைத்தோழி ஒருத்தி மாற்கு சுவிசேஷத்தைச் சின்னப் புத்தகமாக வைத்திருந்தாள். பரீட்சை முடிந்து படிக்க ஒன்றுமில்லாத ஒரு ராத்திரி எடுத்தேன். முதல் அதிகாரத்திலேயே இயேசு ஒரு குஷ்டரோகியைத் தொடுகிறார். தொட்டுத்தான் சுகமாக்கணும் என்று இல்லை, வாயால் சொன்னாலே போதும். ஆனால் தொடுகிறார். தீண்டாமையில் வளர்ந்தவளுக்கு அந்த ஒரு வினைச்சொல் எப்படி இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அதைவிட ஏழாம் அதிகாரம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. வேற்று இனத்துப் பொம்பள ஒருத்தி, மகளுக்குச் சுகமில்லை என்று வந்து காலில் விழுகிறாள். பிள்ளைங்க சாப்பாட்டை நாய்க்குப் போடறது சரியில்ல என்கிற மாதிரி இயேசு பதில் சொல்கிறார். புத்தகத்தை வீசிடலாமான்னு இருந்துச்சு. நாய்னு சொல்றது எங்களுக்குப் புதுசா? ஆனா அவ எழுந்து போகலை. அழவும் இல்லை. மேசைக்குக் கீழே விழுற துணுக்கை நாயும் தின்னும்தானே ஆண்டவரேன்னு திருப்பிப் பேசுறா. அந்தப் பேச்சுக்காகவே உன் மகளுக்குச் சுகமாச்சு, போ என்கிறார். போதகர்கள் இதில் அவளுடைய தாழ்மையைப் பிரசங்கிக்கிறார்கள். நான் பார்த்தது வாயாடித்தனம். அந்தப் புத்தகத்தில் எத்தனையோ பண்டிதர்கள் வந்து வாதாடித் தோற்றுப்போகிறார்கள். வாதத்தில் அவரை ஜெயித்தவள் இவள் ஒருத்திதான். ஒரு சாமி, திருப்பிப் பேசின பொம்பளகிட்ட தோற்றுப்போய், தோத்தேன்னு ஒத்துக்கிட்டு, கேட்டதைக் கொடுத்து அனுப்புறார். இப்படி ஒரு சாமிகிட்ட நான் பேசலாம் போலிருக்கேன்னு தோணிச்சு.

அப்புறம்தான் பேச ஆரம்பிச்சேன். யாரும் சொல்லித்தரவில்லை. ‘தேவரீர்’ தெரியாது, ‘ஸ்தோத்திரம்’ தெரியாது. எங்க ஊர்ப் பேச்சில்தான். முதல் ஆறு மாசம் நான் பண்ணினது ஜெபமா சண்டையான்னு கேட்டா சண்டைதான். எங்கப்பன் ஏன் அப்படிச் செத்தான், எங்கம்மா கால்ல ஏன் இத்தனை சேத்துப்புண்ணு, பதில் சொல்லு. பதில் வரவில்லை. ஆனால் கேட்கிற ஆள் எழுந்து போகவில்லை என்பது மட்டும் தெரிந்தது. இதற்கு மேல் எனக்கு விளக்கத் தெரியாது, நிரூபிக்கவும் முடியாது. 1994இல் ஞானஸ்நானம் எடுத்தேன்.

பிறகு மதுரை இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு செய்த வேலையைப் பற்றித் தெரிந்தபோது ஒரு தெம்பு வந்தது. ‘பரட்டை’ என்று சொல்வார்களே, அவர்தான். 2005இல் இறந்துபோனார். பண்டிதத் தமிழும் கர்நாடக சங்கீதமும் சபைக்குள் சாதியைக் கட்டிக் காக்கிறது என்று சொல்லி, நாட்டுப்புற மெட்டில் வழிபாட்டுப் பாட்டுக் கட்டினவர். கடவுளைப் ‘பெத்தவரே’ன்னு கூப்பிட்டார். ராப்போஜனம் என்றால் ஒரே உலையில் பொங்கி எல்லாரும் சேர்ந்து தின்பது என்றார். தேவரீரைவிட பெத்தவருகிட்ட பேச்சு சுலபமா வருது, பேசிப் பாருங்க.

இயக்கத்தில் இருக்கிறவர்கள் என்னிடம் கேட்கிற கஷ்டமான கேள்வி மன்னிப்பைப் பற்றியது. “உங்க சாமி எதிரியை மன்னிக்கச் சொல்றாரே, வெண்மணியை மன்னிச்சிடுவீங்களா?” 1968 டிசம்பர் 25இல் 44 பேரை எரித்த மண் எங்க பக்கத்து மண். இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. சொந்தத்திலும் இருக்கிறது. எங்கம்மாவைக் களத்துமேட்டில் வைத்துக் கைநீட்டின ஆளை நான் மறக்கலை. கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் மன்னிக்கிற அந்த வரி வரும்போது பல வருஷம் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன். சபை முழுக்கச் சொல்லும், நான் அடுத்த வரியில் சேர்ந்துகொள்வேன்.

அந்த வரியில் இருக்கிற சொல் ‘கடன்’. பண்ணையாள் வீட்டில் பிறந்தவளுக்குக் கடன் என்றால் என்ன? தாத்தா வாங்கினது, அப்பன் அடைத்தது, பேரப்பிள்ளை தலையில் விடிந்தது. எப்பவும் கடன்காரன் நாமதான். ஆனால் அந்த ஜெபத்தில் கணக்கு தலைகீழாக இருக்கிறது. எனக்குக் கடன்பட்டவன் என்று ஒருத்தன் வருகிறான்! அவனை மன்னிப்பதற்கு முன்னால், அவன் என்னிடம் கடன்பட்டவன் என்பது ஒத்துக்கொள்ளப்படணும். மிராசுதார் எனக்குக் கடன்காரன். அந்தக் களத்துமேட்டு நெல்லுக்கு, அந்த அறைக்கு, அந்தப் பாட்டன் முப்பாட்டன் உழைப்புக்கு. இதை உரக்கச் சொல்லாமல் மன்னிப்பைப் பற்றி எங்களிடம் பேசுகிறவன் கடனை மறைக்கிறவன். மன்னிப்புன்னா வன்கொடுமை வழக்கை வாபஸ் வாங்குறது இல்ல. அவன் என் தூக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டிருப்பதை நான் இறக்கி வைப்பது. பகலில் வழக்கு, ராத்திரி ஜெபம், இரண்டையும் சேர்த்தே நடத்தலாம். நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

“அங்கேயும் சாதி இருக்கே, ஏன் இருக்கீங்க?” இருக்கிறது, மறைக்கலை. திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் செத்தவர்களைப் பிரிக்கிற சுவர் இருக்கிறது. எறையூரில் 2008 மார்ச்சில், தனிப் பங்கு கேட்ட தலித் கிறிஸ்தவர்களின் வீடுகளை அதே பங்கைச் சேர்ந்த ஆதிக்க சாதிக் கிறிஸ்தவர்கள் தாக்கினார்கள். போலீஸ் சுட்டதில் தாக்கிய தரப்பில் இரண்டு பேர் செத்தார்கள். பாமா ‘கருக்கு’ எழுதி வெளிவந்தது 1992இல். அதை வாசித்த பிறகுமா சபைக்குள் சாதி இல்லை என்பேன்? ஆனால் என்னை வெளியே போ என்று சொல்ல வேண்டியது சுவர் கட்டினவனை. நான் ஏன் போகணும்? ராஜநாயக்கன் காலத்திலிருந்து அது எங்க வீடு.

கடைசியாகச் சட்டம். இங்கே இருக்கிற மாணவர்கள் கொஞ்சம் கவனித்துக் கேளுங்க. 1950 குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதி ஆகமாட்டார் என்றது. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் வெளியே. 1985இல் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன சூசை வழக்கு என்ன தெரியுமா? ரோட்டோரம் செருப்புத் தைக்கிறவர். அதே ரோட்டில் தைக்கிற இந்துத் தொழிலாளிக்கு அரசு இலவசப் பெட்டிக்கடை கொடுத்தது, இவருக்குக் கிடையாது. கோர்ட்டும் கொடுக்கவில்லை. மாறின பிறகும் அதே இழிவு தொடருதுன்னு போதிய ஆதாரம் காட்டலையாம். செருப்பும் ஊசியும் ஆதாரம் இல்லை போல.

2024 நவம்பர் 26ஆம் தேதி இன்னொரு தீர்ப்பு. குழந்தையிலேயே ஞானஸ்நானம் பெற்று, தொடர்ந்து ஆலயத்துக்குப் போய்வந்த புதுச்சேரிப் பெண் ஒருவர் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டார். உண்மையான நம்பிக்கை இல்லாமல் சலுகைக்காக இந்து என்று சொல்வது அரசியலமைப்பின் மீது செய்யும் மோசடி என்று உச்சநீதிமன்றம் மறுத்துவிட்டது. அந்தக் காலத்து மிஷனரி, நீ சோத்துக்காக விசுவாசிக்கிறாயா என்று கேட்டான். இப்போது கோர்ட், நீ வேலைக்காக விசுவாசிக்காமல் இருக்கிறாயா என்று கேட்கிறது. எங்க நெஞ்சைத் திறந்து பார்க்க எல்லாருக்கும் உரிமை இருக்கிறது. தமிழ்நாட்டில் நான் ஞானஸ்நானம் எடுத்ததும் பிற்பட்டோர் பட்டியலுக்குப் போய்விட்டேன். சேரி மாறலை, சான்றிதழ் மாறிடுச்சு. அதில் எனக்கு நஷ்டம் உண்டு. பிள்ளைகளுக்கு அதைவிட அதிகம். 2023இல் தமிழகச் சட்டமன்றம் இதை மாற்றச் சொல்லித் தீர்மானம் போட்டது. 2022இல் ஒன்றிய அரசு கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையத்தை அமைத்தது. ஆணையங்கள் நமக்குப் புதுசில்லை. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதத்தைப் பார்க்காதே என்றே பரிந்துரைத்தது.

நேற்று ராத்திரி ஒரு மாணவி வந்து கேட்டாள்: “அக்கா, நான் ஜெபம் பண்றேன், ஆனா ஞானஸ்நானம் எடுத்தா பட்டியல் சாதிச் சான்றிதழ் போயிடும். நான் பாதிக் கிறிஸ்தவளா?” இல்லம்மா. தண்ணிக்கு விலை வச்சது அரசாங்கம், நீ இல்ல. எப்ப எடுக்கணும், எடுக்கணுமா என்பதை நீதான் முடிவு பண்ணணும். போதகரும் வேண்டாம், இயக்கமும் வேண்டாம், நானும் வேண்டாம். எப்படி ஆரம்பிக்கறதுன்னும் கேட்டாள். மாற்கு சின்னப் புத்தகம், 16 அதிகாரம்தான், ஒரு ராத்திரியில் முடிச்சிடலாம். ஏழாம் அதிகாரத்துல கோபம் வந்தா வரட்டும். அந்தக் கோபத்தையே அவர்கிட்ட சொல்லு, உங்க ஊர்ப் பேச்சில.

நேரமாயிடுச்சுன்னு தோழர் கையைக் காட்டுறார். கேள்வி இருந்தா சாப்பாட்டு வரிசையில நின்னுக்கிட்டே பேசுவோம்.