காத்திருக்கும் பிள்ளைகளும் நாமும்

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஒரு ரயில்வே குமாஸ்தாவை மேடையேற்றிப் பேசச் சொன்ன சங்கத்தாரின் துணிவை முதலில் பாராட்ட வேண்டும். பட்டம் பெற்றோர் பலர் நிறைந்த இச்சபையில், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்ட நாம் சிலப்பதிகாரத்தைப் பற்றியோ திருக்குறளைப் பற்றியோ பேசப் புகுந்தால் அது முறையாகாது. நமக்கு நன்றாகத் தெரிந்த சங்கதி ஒன்றே ஒன்று. உத்தியோகத்துக்கு மனுப் போடுவதும், போட்டுவிட்டுக் காத்திருப்பதுந்தான் அது. அதிலே நமக்கு ஐந்தாண்டுப் பயிற்சி உண்டு. ஆகையால் அதைப் பற்றியே பேசுவதாகச் சொன்னோம், சங்கத்தாரும் இசைந்தார்கள்.

நாகபுரித் தமிழர்களாகிய நம்மில் ரயிலோடு வந்தவர்கள் அநேகர். நம் தந்தையார் 1968ஆம் ஆண்டில் ஆற்காட்டுப் பக்கத்துக் கிராமமொன்றிலிருந்து புறப்பட்டு வந்து, தெரிந்த மேஸ்திரி ஒருவர் கைகாட்டத் தினக்கூலியாகச் சேர்ந்தார். சில ஆண்டுகளுக்குப் பின் நிரந்தரமானார். அவர் மனு எழுதியதில்லை, பேட்டிக்குச் சென்றதுமில்லை. கட்டையைத் தூக்கச் சொன்னார்கள், தூக்கினார், அதுவே பரீட்சை. அந்தக் காலம் போய்விட்டது. போனதற்காக நாம் வருந்தவில்லை. மேஸ்திரியைத் தெரியாதவன் என்ன செய்வான் என்ற கேள்விக்கு அந்தக் காலத்தில் விடை இல்லை. இன்று யாரையும் தெரியாத பிள்ளையும் மனுப் போடலாம். ஆனால் போட்ட பிறகு காத்திருக்க வேண்டும்.

எவ்வளவு காலம் என்று கேட்பீர்கள். 2019ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் ரயில்வே தேர்வு வாரியங்கள் ஸ்டேஷன் மாஸ்டர், கார்டு, குமாஸ்தா முதலிய 35,000க்கு மேற்பட்ட இடங்களுக்கு விளம்பரம் செய்தன. வந்த மனுக்கள் ஒரு கோடியே இருபது இலட்சத்துக்கு மேல். முதற்கட்டத் தேர்வு 2020 டிசம்பர் 28ஆம் தேதி தொடங்கி 2021 ஜூலை வரை நடந்தது. அதன் முடிவு 2022 ஜனவரியில் வெளியாயிற்று. இடையிலே கொரோனா வந்தது உண்மை. ஆயினும் அது வருவதற்கு முன்பே ஓராண்டு கழிந்திருந்தது. முடிவைக் கண்டு மனம் கொதித்துப் பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் இளைஞர்கள் தண்டவாளத்தில் அமர்ந்தார்கள். கயாவில் ரயில் பெட்டிக்குத் தீயும் வைத்தார்கள். தீ வைத்தது தவறு. ரயிலின் உப்பைத் தின்கிற நமக்கு அதில் இரண்டு கருத்து இல்லை. அதே 2019இல் விளம்பரமான 1,03,769 கடைநிலை இடங்களுக்குத் தேர்வு தொடங்கியதோ 2022 ஆகஸ்டு மாதத்தில். இருபது வயதில் மனுப் போட்டவன் இருபத்துமூன்றாம் வயதில் பரீட்சை மண்டபத்துக்குள் நுழைந்தான். இன்ன மாதத்தில் இன்ன விளம்பரம் வரும் என்று 2024 முதல் ஆண்டு அட்டவணை ஒன்றை வகுத்திருக்கிறார்கள். நல்ல காரியம். அதனால் காத்திருப்பு குறையலாமே தவிர ஒழிந்துவிடாது. ஓரிடத்துக்கு நூறு பேர் நிற்கும்போது தொண்ணூற்றொன்பது பேர் மறுபடியும் காத்திருக்கத்தானே வேண்டும்?

நம் சொந்தக் கதைக்கு வருகிறோம். 1998 முதல் 2003 வரை நாம் போட்ட மனுக்கள் பதினேழு. பகலில் மளிகைக் கடை ஒன்றில் கணக்கு எழுதினோம். மாலையில் டைப்ரைட்டிங் பழகினோம். அப்போதெல்லாம் அழைப்புக் கடிதம் தபாலில்தான் வரும். பதினொரு மணிக்குத் தபால்காரர் வரும் நேரத்தில், கடை முதலாளியிடம் ஏதேனும் ஒரு சாக்குச் சொல்லிவிட்டுச் சந்து முனையில் வந்து நிற்போம். அவர் மராத்தியர், நல்ல மனிதர். முதல் சில மாதங்கள் சிரித்துக்கொண்டே கையை விரிப்பார். பிறகு தூரத்திலிருந்தே தலையை அசைப்பார். பிறகு அவர் வருவதையே நாம் காணவில்லை. வேலை மாறிப் போய்விட்டார் என்று எண்ணிக்கொண்டோம். உண்மை பல மாதங்கள் கழித்துத்தான் தெரிந்தது. நம் முகத்தைப் பார்க்க மாட்டாமல், சந்தின் மறுமுனை வழியாக நுழைந்து தபாலைக் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்!

வந்த ஓர் அழைப்பையும் நாம் இழந்தோம். தந்தையாருக்கு ரயில்வே குவார்ட்டர்ஸ் மாறிற்று. மனுவிலோ பழைய கதவிலக்கம். கடிதம் பழைய வீட்டுக்குச் சென்று, புதிதாகக் குடிவந்தவர் அதை ஜன்னலில் பத்திரமாக வைத்திருந்து கொண்டுவந்து கொடுத்தபோது, பரீட்சை முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. குற்றம் நம்முடையதே. முகவரி மாறியதைத் தெரிவித்து ஒரு கார்டு போட்டிருக்கலாம். இன்றைய பிள்ளைகளுக்கு வீட்டு முகவரியால் அந்த ஆபத்து இல்லை. கைபேசி எண்ணால் உண்டு. எங்கோ பணம் மிச்சமாகிறது என்று எண்ணை மாற்றிவிடுகிறார்கள். மனுவில் எழுதிய எண்ணும் மின்னஞ்சலும் உத்தியோகம் கைக்கு வரும் வரையில் உயிரோடிருக்க வேண்டும்.

அந்த ஐந்தாண்டுகளில் நம் தாயார் ஒவ்வொரு நாளும், "ஏதாவது வந்ததாப்பா?" என்று கேட்பார். தந்தையாரோ ஒருநாளும் கேட்டதில்லை. சம்பள நாள் கழிந்த காலையில் நம் சட்டைப் பையில் ஐம்பது ரூபாய் இருக்கும். வைத்தவர் யார் என்று நாமும் கேட்டதில்லை. ஒன்று மட்டும் தவறாமல் செய்வார். காலை ஐந்து மணிக்குத் தாம் வேலைக்குப் புறப்படும் முன், "எழுந்திரு, நேரமாயிற்று" என்று தோளைத் தொட்டு எழுப்புவார். எங்கே போக நேரமாயிற்று என்று மனத்துக்குள் கசந்துகொள்வோம். அவருடைய மௌனத்தை வெறுப்பு என்றே எண்ணியிருந்தோம். 2011ஆம் ஆண்டில் அவர் காலமான பிறகு, அவருடைய தகரப் பெட்டியில் ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகம் கிடைத்தது. நாம் போட்ட பதினேழு மனுக்களும், அனுப்பிய தேதியும், போஸ்டல் ஆர்டர் தொகையும் அவருடைய கோணல் எழுத்தில் வரிசையாக இருந்தன. பதிவுத் தபால் ரசீதுகளை நாம் மாடத்தில் போட்டு வைப்பது வழக்கம். அவற்றைப் பார்த்து எழுதியிருக்கிறார். வீட்டில் யாரிடமும் சொல்லாமல் போட்ட மனுக்களும் அதில் இருந்தன. தவறிப்போன அந்தப் பரீட்சைக்கு நேராக ஒன்றும் எழுதவில்லை. ஒரு சிறு கோடு மட்டும் கிழித்திருந்தார்.

இனி, எச்சரிக்கையாக ஒரு விஷயம். காத்திருப்பவன் வீட்டைத் தேடி ஒரு மனிதன் வருவான். நல்ல சட்டை அணிந்திருப்பான்; பெரிய அதிகாரிகளின் பெயரையெல்லாம் சொல்வான். தமிழ்நாட்டைச் சேர்ந்த 28 பேருக்கு நேர்ந்ததை நீங்கள் பத்திரிகைகளில் படித்திருக்கலாம். 2022 டிசம்பரில் வெளிவந்த செய்தி. ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர் வேலை, குமாஸ்தா வேலை என்று சொல்லி அவர்களிடமிருந்து மொத்தம் 2 கோடியே 67 இலட்சம் ரூபாய் வாங்கிக்கொண்டு, புதுடில்லி ரயில் நிலையத்தின் பிளாட்பாரங்களில் நிறுத்தி, இதுதான் பயிற்சி என்று நாள்தோறும் எட்டு மணி நேரம் போகிற வருகிற ரயில்களையும் பெட்டிகளையும் எண்ண வைத்திருக்கிறார்கள். ஏறத்தாழ ஒரு மாதம் எண்ணினார்கள். பொறியியல் படித்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். செய்தி வந்த அன்று நம் காரியாலயத்தில் சிலர் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. சந்து முனையில் நின்ற நாட்களில், "நாளை முதல் வந்து ரயிலை எண்ணு" என்று யாரேனும் சொல்லியிருந்தால், நாமும் போய் எண்ணியிருப்போம். ஒரு பெட்டி கூட விடாமல் எண்ணியிருப்போம். எட்டு மணிக்குப் புறப்பட்டுப் போக ஓர் இடம் இருப்பது எப்பேர்ப்பட்ட சுகம் என்பது காத்திருந்தவனுக்குத்தான் தெரியும். அந்தச் சுகத்தைத்தான் இவர்கள் விற்கிறார்கள்.

ஆகவே பெற்றோர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். மத்திய சர்க்காரின் கடைநிலை வேலைகளுக்கும் குமாஸ்தா போன்ற வேலைகளுக்கும் நேர்முகப் பேட்டி என்பதே 2016 ஜனவரி 1 முதல் கிடையாது. "பேட்டியில் சொல்லி முடித்துத் தருகிறேன்" என்பவன் இல்லாத கடையில் சரக்கு விற்கிறான். ரயில்வேத் தேர்வுக்குப் பொதுப் பிரிவினர் கட்டும் கட்டணம் 500 ரூபாய். தேர்வுக்குச் சென்று எழுதியவருக்கு அதிலும் 400 ரூபாய் திரும்ப வரும். அதற்கு மேல் ஒரு காசு கேட்டால் கதவைச் சாத்துங்கள்.

நம் காலனியில் ஒரு பையன் உதவி லோகோ பைலட் தேர்வில் எல்லாக் கட்டங்களையும் தாண்டினான். தெருவெல்லாம் இனிப்புக் கொடுத்தார்கள். கடைசியில் மருத்துவப் பரிசோதனையில் வண்ணப் புள்ளிகளுக்குள் மறைந்திருந்த எண்ணை அவனால் படிக்க முடியவில்லை. சிவப்பும் பச்சையும் பிரித்தறியாதவனை என்ஜினில் ஏற்ற முடியாது, அது நியாயமே. ஆனால் அவன் தொலைத்த ஆண்டுகளை யார் தருவார்? வண்டியோட்டும் வேலைக்குக் கண் பார்வை முதல் தரமாக இருக்க வேண்டும். லேசர் சிகிச்சை செய்துகொண்ட கண்ணையும் ஏற்பதில்லை. குமாஸ்தா வேலைக்கு அத்தனை கடுமை இல்லை. எனவே மனுப் போடுவதற்கு முன்பே கண் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

இன்னொன்று சொன்னால் சங்கத்தார் நம்மைக் கோபிக்கக்கூடும். தேர்வுத்தாள் 15 மொழிகளில் கிடைக்கிறது. தமிழும் அவற்றுள் ஒன்று. மகிழ்ச்சிதான். ஆனால் இங்கே பிறந்து இந்தியிலோ மராத்தியிலோ கணக்குப் படித்த நம் பிள்ளை, சங்கத்தில் கேட்ட சொற்பொழிவின் வேகத்தில் தமிழைத் தேர்ந்துகொண்டு, "மீப்பெரு பொதுவகுத்தி" என்றால் என்னவென்று தெரியாமல் விழித்துவிட்டு வருகிறான். தமிழ்ப் பற்றைக் காட்ட இந்தச் சங்கம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு இருக்கிறது. பரீட்சையில் படித்த மொழியையே தேர்ந்துகொள்ளட்டும்.

புட்டிபோரித் தொழிற்பேட்டையிலும் மிஹான் கம்பெனிகளிலும் பேட்டிக்குப் போகிறவர்களைப் பற்றி நமக்கு அனுபவம் குறைவு. "சொல்லி அனுப்புகிறோம்" என்று எல்லாரிடமும் சொல்கிறார்கள். பெரும்பாலோருக்குச் சொல்லி அனுப்புவதில்லை. எந்தத் தேதிக்குள் தெரியும் என்று எழுந்து வருமுன் பணிவாகக் கேட்கலாம். அந்தத் தேதி கழிந்தால் ஒருமுறை எழுதிக் கேட்கலாம். அதன் பிறகும் பதில் இல்லையென்றால் அடுத்த இடத்தைப் பார்க்க வேண்டியதுதான்.

இவ்வளவும் சொன்ன நாம் நம் வீட்டில் என்ன செய்கிறோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2003இல் தண்டவாளப் பராமரிப்பு வேலையில் சேர்ந்து, பின்பு துறைத் தேர்வு எழுதிக் குமாஸ்தா ஆனோம். நம் மகன் பன்னிரண்டாம் வகுப்புத் தேறி, ரயில்வேத் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறான். நாம் தபால்காரரை நாளுக்கு ஒருமுறை பார்த்தோம். அவன் கைபேசியை நாளுக்கு நூறு முறை பார்க்கிறான். அது போதாதென்று, நாம் மாலையில் வீடு திரும்பியதும், செருப்பைக் கழற்றும் முன்பே, "என்னடா, ஏதாவது வந்ததா?" என்று கேட்போம். தாயார் கேட்ட அதே கேள்வி. அவர் குரலில் இருந்த பரிவு மட்டும் நம் குரலில் இல்லை. சில வாரங்களாக அவனை இராச் சாப்பாட்டு வேளையில் காணோம். நண்பர்களோடு படிக்கிறான் என்று நினைத்தோம். ஒருநாள் மனைவியார் சொன்னார்: "நீங்கள் தூங்கின பிறகுதான் அவன் வீட்டுக்கு வருகிறான். அதுவரை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான்."

நமக்கு அந்தத் தபால்காரர் நினைவு வந்தது. அன்றிரவு உறக்கம் வரவில்லை.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு அவன் தோளைத் தொட்டு, "எழுந்திரு, நேரமாயிற்று" என்றோம். கண்ணைத் திறந்து, "எங்கேப்பா?" என்றான். அதற்கு விடை நம்மிடம் இல்லை. "வா" என்று மட்டும் சொன்னோம். அஜ்னிப் பக்கம் நடந்து சென்று, கடையில் ஆளுக்கொரு டீ குடித்துவிட்டுத் திரும்பினோம். பரீட்சையைப் பற்றி நாமும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அன்று முதல் நாள்தோறும் அப்படியே போய் வருகிறோம். இப்போது இராச் சாப்பாட்டுக்கு வந்துவிடுகிறான்.

முடிவு இன்னும் வரவில்லை.