லேப்டாப் பாட்டரிக்கு எண்பது போதும்

நான் அந்தக் கால பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி, அந்தத் தைரியத்தில் பேசுகிறேன். நம்மில் பலர் பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த லேப்டாப்பை நாள் முழுக்க பிளக்கிலேயே சொருகி வைத்திருக்கிறோம். உள்ளே இருப்பது லித்தியம்-அயான் பாட்டரி. 100 சதவிகிதத்தில் ஒவ்வொரு செல்லும் பொதுவாக 4.2 வோல்ட் அளவில் நிற்கும். அந்த மின்னழுத்தத்தோடு உஷ்ணமும் சேர்ந்தால் ரசாயனம் சீக்கிரம் கெடும். பிறகு கரண்ட் போனால் பேரனோடு பேச்சும் பாதியில் போகும்! செட்டிங்கில் 80 சதவிகித வரம்பு வையுங்கள். லெனோவோ ஐடியாபேடில் அதற்குக் 'கன்சர்வேஷன் மோட்' என்று பெயர். நானும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். பிரயாணத்துக்கு முன்னால் மட்டும் 100 ஆக்கிக்கொள்வேன். பூராவும் தீர்ந்த பிறகே சார்ஜ் செய்வது பழைய நிக்கல்-காட்மியம் காலத்துச் சாஸ்திரம், இதற்குப் பொருந்தாது. மெத்தைமேல் வைக்காதீர்கள், காற்றுத் துவாரம் அடைபடும். அடிப்பக்கம் உப்பியிருந்தால் உடனே அணைத்து, சார்ஜரைக் கழற்றி, சர்வீஸ் சென்டரில் கொடுங்கள். குத்தியோ அமுக்கியோ பார்க்கவே கூடாது.