நிக்காஹ் படமும் ஓர் அமானிதம்

 

நம் உக்கடம், கரும்புக்கடைப் பிள்ளைகளுக்கு நிக்காஹ் படம் எடுப்பதும் நல்ல தொழில்தான். அதற்காக வட்டித் தவணையில் லேப்டாப் வாங்க வேண்டாம் என்கிறோம். படங்களைப் பிரித்து, வெளிச்சமும் நிறமும் திருத்த, அலுவலகங்கள் கழித்துவிடும் பழைய லேப்டாப்பே போதும்.

மண்டபம் மண்டபமாகத் தூக்கிச் செல்ல 14 அங்குலம் வசதி. 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி, ஐபிஎஸ் திரை பாருங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்ததால், 11 ஓடுகிற மாடலாகக் கேளுங்கள். சார்ஜரைக் கழற்றி அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். திருட்டு மென்பொருள் வேண்டாம். டார்க்டேபிள், கிம்ப் இரண்டும் இலவசம்.

அதற்குள் இருப்பவை நம் வீட்டுப் பெண்களின் படங்கள். கடவுச்சொல் இடுங்கள், தனி ஹார்ட்டிஸ்கில் ஒரு பிரதி வையுங்கள், சம்மதமின்றி எதையும் பகிராதீர்கள். அல்லாஹ் உங்கள் உழைப்பில் பரக்கத் செய்வானாக!