முடிவு வரும் வரை

(அறநிலையத்தின் சுகாதார நாள் நிகழ்ச்சியில் ஆலய நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



இன்று காலை இம்மண்டபத்தில் உங்களுக்கு இரத்த அழுத்தம் பார்த்தார்கள், இனிப்பு நீர் பார்த்தார்கள். டாக்டர்கள் பேச வேண்டிய மேடையில் இந்த வாத்தியாரை ஏன் நிறுத்தினார்கள் என்று நீங்கள் எண்ணலாம். மருத்துவம் பேச எனக்குத் தகுதி இல்லை. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தாள் வருவதற்காகக் காத்திருந்த அனுபவம் எனக்கு இருக்கிறது. இரண்டு முறை காத்திருந்தேன். முதல் முறை தோற்றேன். இரண்டாம் முறை ஓரளவு தேறினேன். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

2022ஆம் ஆண்டு இறுதியில், என் மூக்கின் இடப்பக்கம் மிளகளவில் ஒரு கரும்புள்ளி தடித்திருந்தது. பளபளப்பாக இருக்கும். முகச்சவரம் செய்யும்போது கத்தி பட்டால் இரத்தம் கசியும், காயும், மறுபடியும் கசியும். வயதானால் மரு வருவது இயல்புதானே என்று விட்டுவிட்டேன். என் மனைவிதான் விடவில்லை. "என்னங்க, மூணு மாசமா ஆறாத புண்ணு என்ன புண்ணுங்க?" என்று கேட்டுக் கேட்டு என்னை கிளினிக்குக்கு அனுப்பி வைத்தார். அங்கிருந்து பெரியாஸ்பத்திரித் தோல் பிரிவுக்குக் கடிதம் கொடுத்தார்கள்.

2023ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை. மரப்பு ஊசி போட்டு, அந்தத் தடிப்பிலிருந்து சிறு துண்டு எடுத்தார்கள். வலி என்று சொல்வதற்கு ஊசி குத்திய வலி மட்டுமே. பத்து நிமிடத்தில் முடிந்தது. "சிக்கு, மார்ச் 28ஆம் தேதி வாருங்கள், முடிவு சொல்கிறேன்" என்றார் அந்த மலாய் டாக்டர் அம்மையார். மூன்று வாரம்.

அந்த மூன்று வாரத்தை நான் எப்படிக் கழித்தேன் என்பதைச் சொல்வதற்கு முன், என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சுங்கை சிப்புட்டுக்கு அருகிலிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் என் அண்ணன் பால்மரம் சீவியவர். அவர் சீவிய காசில்தான் நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போனேன். அவருடைய உள்ளங்காலில் ஒரு கருப்புத் திட்டு வந்தது. கால் ஆணி என்று நினைத்தார். பிளேடால் சீவினார், சுண்ணாம்பு வைத்தார். இரண்டு ஆண்டுகள் அப்படியே வேலைக்குப் போனார். தொடை இடுக்கில் கட்டி வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். அது மெலனோமா என்ற தோல் புற்றுநோய். நம்மைப் போன்ற மாநிறத்தவர், கருநிறத்தவரிடம் அந்நோய் வெயில் படாத உள்ளங்காலிலும், உள்ளங்கையிலும், நகத்தடியிலும்கூட வரும் என்பதை அன்றுதான் அறிந்தோம். உலகப் புகழ் பெற்ற பாடகர் பாப் மார்லிக்கும் கால் விரலில் வந்தது இதே நோய்தான். 1981இல் தம் 36ஆம் வயதில் அவர் இறந்தார். என் அண்ணன் 1996இல் இறந்தார். அப்போது அவருக்கு வயது 46.

ஆகவே மார்ச் 7ஆம் தேதி வீட்டுக்குத் திரும்பியபோது என் மூக்கில் இருந்தது எனக்கு மருவாகத் தெரியவில்லை. அண்ணனின் உள்ளங்காலாகத் தெரிந்தது.

துண்டு எடுத்ததை மனைவியிடம் சொல்லவில்லை. "களிம்பு கொடுத்தார்கள், மேலே பிளாஸ்திரி ஒட்டினார்கள்" என்றேன். நாற்பது ஆண்டு இல்லறத்தில் நான் சொன்ன பெரிய பொய் அது. இரவு எல்லாரும் தூங்கிய பின் கைப்பேசியில் தேடினேன். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் மிக மோசமான படமே என் கண்ணில் பட்டது. கழுத்திலும் அக்குளிலும் கட்டி இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தேன். அழுத்தி அழுத்தி அந்த இடமே வலிக்கத் தொடங்கியது. வலிக்கிறதே, அப்படியானால் பரவிவிட்டது என்று எண்ணினேன்! கண்ணாடியைப் பார்ப்பேன், ஒன்றுமில்லை என்று மனம் ஆறும். ஒரு மணி நேரம் ஆனதும் மறுபடியும் பார்க்கத் தோன்றும். பார்க்கப் பார்க்க ஆறுதல் குறைந்தது. பார்க்கும் ஆசை கூடியது.

கோயிலில் நின்று வேண்டினேன். வேண்டினேன் என்பதைவிடப் பேரம் பேசினேன் என்பதே உண்மை. "ஒன்றுமில்லை என்று வந்தால் இதைச் செய்கிறேன், அதைச் செய்கிறேன்" என்று உண்டியல் முன் நின்று கணக்குப் போட்டேன். திருக்குறளில் இடுக்கண் அழியாமை என்ற 63ஆம் அதிகாரத்தை எத்தனை வகுப்புகளுக்கு விளக்கியிருப்பேன்! பத்துக் குறளையும் மனப்பாடமாகச் சொல்ல முடிந்தது. ஒன்றுகூட உள்ளே இறங்கவில்லை.

பத்தாம் நாள் பிடிபட்டேன். "என்னங்க, ஒரு நாளைக்கு இருபது தடவை கண்ணாடி பார்க்கிறீங்க. கல்யாணத்தப்பகூட நீங்க இப்படிப் பார்க்கலையே" என்றார் மனைவி. சிரிக்கப் போய் அழுதுவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு ஒன்று கேட்டார்: "யூ.பி.எஸ்.ஆர். பரீட்சை முடிஞ்ச அன்னைக்குப் பிள்ளைங்ககிட்ட என்ன சொல்லுவீங்க?"

என்ன சொல்வேன்? 1988இல் தொடங்கி, 2021இல் அரசாங்கம் நிறுத்துவதாக அறிவித்த அந்தத் தேர்வுக்கு நான் ஓய்வு பெறும் வரை பிள்ளைகளைத் தயார் செய்தவன். கடைசித் தாள் முடிந்ததும் சில பிள்ளைகள் மரத்தடியில் நின்று, "சார், அந்தக் கேள்விக்கு இது சரியா, அது சரியா" என்று அழுவார்கள். நான் ஆண்டுதோறும் ஒரே பதிலைத்தான் சொன்னேன்: "விடைத்தாள் கட்டு போய்விட்டது. இனி நீ கவலைப்பட்டால் ஒரு மதிப்பெண் கூடாது, கவலைப்படாவிட்டால் ஒரு மதிப்பெண் குறையாது. போய்ப் பந்து விளையாடு." 

என் விடைத்தாளும் போய்விட்டது. அது இப்போது ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது.

மறுநாள் தோல் பிரிவுக்குத் தொலைபேசியில் அழைத்தேன். முடிவை யார் சொல்வார்கள், அவசரமாக ஏதும் இருந்தால் முன்னதாகவே அழைப்பார்களா, ஏன் இத்தனை நாள் ஆகிறது என்று மூன்று கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டு கேட்டேன். அங்கிருந்த மிஸ்ஸி பொறுமையாகப் பதில் சொன்னார். பிறகு அந்த வேலை நடக்கும் முறையைப் படித்துத் தெரிந்துகொண்டேன். உங்களுக்கும் சொல்கிறேன், ஏனெனில் நாம் காத்திருக்கும் நாட்களில் அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடும்.

எடுத்த துண்டை முதலில் ஃபார்மலின் என்ற திரவத்தில் ஊற வைக்கிறார்கள். அது கெடாமல் இறுக வேண்டும். பிறகு அதிலுள்ள நீரைச் சாராயத்தால் படிப்படியாக நீக்கி, உருகிய மெழுகை உள்ளே ஏற்றுகிறார்கள். மெழுகுக் கட்டியான அதை ஒரு கருவியில் வைத்துச் சீவுகிறார்கள். ஒரு சீவலின் தடிப்பு ஏறத்தாழ 4 மைக்ரோன், அதாவது ஒரு மில்லிமீட்டரை 250 கூறாக்கினால் அதில் ஒரு கூறு. பால்மரம் சீவிய என் அண்ணன் இருந்திருந்தால் அந்தக் கத்தியைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார். பிறகு சாயம் ஏற்றுகிறார்கள். உயிரணுவின் கருவை நீல ஊதாவாகக் காட்டும் சாயம் மத்திய அமெரிக்காவின் ஒரு மரத்திலிருந்து கிடைப்பது. மற்றது இளஞ்சிவப்பு. அதன் பிறகே நோயியல் நிபுணர் நுண்ணோக்கியில் பார்க்கிறார். ஐயம் இருந்தால் வேறு சாயங்கள் ஏற்றிப் பார்ப்பார், இன்னொரு நிபுணரிடம் காட்டுவார். ஆகவே தாமதம் என்றாலே கெட்ட செய்தி என்று கொள்ளக்கூடாது. கவனமாகத் திருத்தும் ஆசிரியருக்கு நேரம் அதிகம் ஆகத்தானே செய்யும்?

எஞ்சிய நாட்களுக்கு என் மனைவி ஒரு கால அட்டவணை போட்டார். கவலைப்படுவதற்கு மாலை 5 மணி முதல் 5.20 வரை. அந்த நேரத்தில் அவரும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். மனத்தில் உள்ளதை எல்லாம் சொல்லலாம், எழுதலாம். மற்ற நேரத்தில் பயம் வந்தால், "ஐந்து மணிக்கு வா" என்று அனுப்பிவிட வேண்டும். சிரிக்காதீர்கள், இது வேலை செய்தது. ஐந்து மணிக்கு வரச் சொன்ன பயங்களில் பாதி வரவே இல்லை. கைப்பேசியில் தேடுவது அறவே கூடாது. கண்ணாடி, சவரத்துக்கு மட்டும். பங்குனி உத்திரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அன்னதானக் கணக்கு, அரிசி மூட்டைக் கணக்கு எல்லாம் என் பொறுப்பு. கையில் வேலை இருந்தபோது மனம் கொஞ்சம் கட்டுப்பட்டது. சன்னதியில் பேரத்தை நிறுத்தினேன். "எது வந்தாலும் தாங்கும் தெம்பைக் கொடு" என்று மட்டும் கேட்டேன். பயம் போகவில்லை. பயத்தோடு சாப்பிடவும் தூங்கவும் முடிந்தது, அவ்வளவுதான்.

மார்ச் 28 வந்தது. மனைவியும் உடன் வந்தார். நோன்பு மாதம். வாய் உலர்ந்திருந்த அந்த டாக்டர் அம்மையார் எங்களை உட்கார வைத்து நிதானமாகச் சொன்னார். அது புற்றுநோய்தான். ஆனால் பேசல் செல் என்ற வகை.

தோல் புற்றுநோய்களில் உலகெங்கும் அதிகம் காணப்படுவது அவ்வகையே. மெதுவாக வளரும். உடலின் வேறு பாகங்களுக்குப் பரவுவது மிக அரிது. ஆனால் விட்டுவிட்டால் இருக்கும் இடத்திலேயே மூக்கையும் கண்ணையும் அரித்துக்கொண்டு போகும். வெயில் அதற்கு முக்கியக் காரணம். 38 ஆண்டுகள் திடலில் தொப்பியின்றி விளையாட்டுப் போட்டி நடத்திய சம்பளம் என்று நினைத்துக்கொண்டேன். வெள்ளையரைவிட நமக்குக் குறைவாகவே வரும். வரும்போது நம் தோலில் கருமையாகத் தோன்றி மச்சம் போல ஏமாற்றிவிடும்.

"புற்று" என்ற சொல்லைக் கேட்டதும் நான் மயங்கி விழுவேன் என்று நினைத்திருந்தேன். விழவில்லை. பெயர் தெரியாத பயத்தைவிடப் பெயர் தெரிந்த நோய் கையாள எளிதாக இருந்தது. மே மாதம் அறுவை சிகிச்சை. சுற்றிலும் சிறிது நல்ல தோலையும் சேர்த்து எடுத்தார்கள். ஓரங்களில் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க அதுவும் ஆய்வுக்கூடம் போனது. மறுபடியும் இரண்டு வாரக் காத்திருப்பு! இம்முறை முதல் நாளே வீட்டாரிடம் சொன்னேன். ஐந்து மணி அட்டவணையை எடுத்தேன். இரண்டு இரவு தூக்கம் கெட்டது உண்மை. மற்ற இரவுகளில் தூங்கினேன். ஓரங்கள் சுத்தம் என்று முடிவு வந்தது. இன்றும் தவறாமல் பரிசோதனைக்குப் போகிறேன். மூக்கில் இருக்கும் இந்தத் தழும்பைத்தான் முன் வரிசைப் பிள்ளைகள் வெகு நேரமாகப் பார்க்கிறார்கள். நன்றாகப் பாருங்கள்.

அன்பர்களே, என் பயம் என்னைக் காப்பாற்றவில்லை. மனைவி பிடிவாதமாக என்னை அனுப்பியதுதான் காப்பாற்றியது. ஆகவே சில வேண்டுகோள்கள். சில வாரங்களாக ஆறாத புண், அடிக்கடி இரத்தம் கசியும் தடிப்பு, நிறமோ வடிவமோ அளவோ மாறும் மச்சம், உள்ளங்காலில் புதிதாய் வந்த கரும்புள்ளி, ஒரே நகத்தில் தோன்றிய கருங்கோடு, இவற்றில் எதைக் கண்டாலும் டாக்டரிடம் காட்டுங்கள். வயதான தோலில் வரும் தடிப்புகளில் பெரும்பாலானவை தீங்கற்றவை. எது தீங்கற்றது என்று சொல்ல வேண்டியவர் டாக்டர். மயிர் கட்டுவது, சுண்ணாம்பு வைப்பது, பிளேடால் சீவுவது வேண்டாம். என் அண்ணனின் பெயரால் கேட்கிறேன்.

காட்டிவிட்டுக் காத்திருக்கும்போது தனியாகக் காத்திருக்காதீர்கள். ஒருவரிடமாவது சொல்லுங்கள். ஒன்றுமில்லை என்று முடிவு வந்த பிறகும் மாதக்கணக்கில் பயம் விடாமல், தூக்கமும் சாப்பாடும் கெட்டால், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அந்தப் பயத்துக்கும் சிகிச்சை உண்டு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்கள் வீட்டில் யாராவது கண்ணாடி முன் அதிக நேரம் நின்றால், அழகு பார்க்கிறார் என்று எண்ணிவிடாமல், பக்கத்தில் போய் உட்காருங்கள்.

 இன்று காலை இங்கே இரத்தம் கொடுத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருப்பவர்கள் பலர் இருக்கிறீர்கள் என்று அறிவேன். விடைத்தாள் போய்விட்டது. கீழே பசியாறல் தயாராக இருக்கிறது. போய்ச் சாப்பிடுங்கள்.

எல்லாரும் நலமுடன் வாழ இறைவன் அருள்வானாக.