பதிவேட்டின் கடைசிப் பக்கங்கள்

 

பட்டமளிப்பு விழாவுக்கு விமானி ஒருவரைக் கூப்பிட்டால் உயரப் பறப்பதைப் பற்றிப் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். போய்த் திரும்பி வராதவர்களைப் பற்றி இன்று உங்களிடம் பேச வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

நான் இந்தச் சாத்தான்குளம் பக்கத்துத் தேரியில் வளர்ந்தவன். கோடையில் காற்றடித்தால் செம்மணல் வந்து பாடப் புத்தகத்தில் படியும். அப்பா பனையேறி. பனையேறி வீட்டுப் பிள்ளைக்கு உயரம் புதிதில்லை. மரத்திலிருந்து விழுந்து இறந்தவர் வீட்டில் ஊரே போய்த் தரையில் உட்கார்ந்திருப்பதும் புதிதில்லை. எந்த மரம், எந்தப் பாளை, கால் எங்கே வழுக்கியது என்று அங்கே பெரியவர்கள் மெல்லிய குரலில் பேசிக்கொள்வார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் இளைஞர்கள் மறுநாள் விடியற்காலை அதே மரத்தில் ஏற வேண்டியவர்கள்.

கல்லூரியில் என்.சி.சி. விமானப் பிரிவில் சேர்ந்தேன். பிறகு ஒரு பிளையிங் கிளப். எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் பலர் சம்பளம் வாங்காதவர்கள். வாரம் முழுக்க வேறு வேலை பார்த்துவிட்டு, சனி ஞாயிறு வெயிலில் வந்து நிற்பார்கள். அங்கே எனக்குக் கோவில்பட்டிக்காரன் ஒருவன் நண்பனானான். அவன் பெயரை மேடையில் சொல்ல வேண்டாம் என்று அவன் தம்பி கேட்டுக்கொண்டிருக்கிறார். விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பியபோது, "வரும்போது உடன்குடிக் கருப்பட்டி ஒரு கிலோ வாங்கிட்டு வாடே" என்றான்.

திங்கட்கிழமை கருப்பட்டியோடு திரும்பினேன். பறப்பவர்களின் பெயர்களைச் சாக்பீஸால் எழுதும் கரும்பலகையில் அவன் பெயர் இருந்த வரி துடைக்கப்பட்டிருந்தது. ஞாயிறு காலை, மேலெழும்பிய சில நொடிகளில் என்ஜின் நின்று விழுந்திருக்கிறான். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசினால் மற்ற பிள்ளைகள் பயந்துவிடுவார்களாம். மதியம் வழக்கம்போல வகுப்பு நடந்தது.

கருப்பட்டியை எடுத்துக்கொண்டு கோவில்பட்டிக்குப் போனேன். அவன் அம்மா அதிலேயே எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார். பிறகு கேட்டார்: "ஏய்யா, எம்புள்ள கடைசியா என்ன பேசுனான்?"

என்னிடம் பதில் இல்லை. பேருந்தில் திரும்பி வந்த அந்த மூன்று மணி நேரம் போல வேறெந்தப் பயணமும் எனக்குக் கனத்ததில்லை. வந்ததும் மெக்கானிக் அண்ணனைத் தேடிப் பிடித்தேன். முதலில் அழுதார், பிறகு சொன்னார். முந்தின இரவு நல்ல மழை. பெட்ரோல் டேங்கின் அடியில் தங்கும் தண்ணீரைப் பறக்கும் முன் ஒவ்வொரு முறையும் வடித்துப் பார்க்க வேண்டும். அன்று அவசரத்தில் யாரும் பார்க்கவில்லை. ஏறும்போது அவன், "அண்ணே, டீக்கடையில ரெண்டு ரூபா பாக்கி, வந்து குடுத்துடுறேன்" என்றானாம்.

அடுத்த ஞாயிறு மறுபடியும் கோவில்பட்டி. இரண்டையும் மறைக்காமல் சொன்னேன். அந்தத் தாய் தண்ணீர் விஷயத்தை இரண்டு முறை கேட்டுப் புரிந்துகொண்டார். முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு ரூபாயை என் கையில் வைத்தார். "கடன் நிக்கக் கூடாதுய்யா. மத்தப் புள்ளைகளுக்கும் அந்தத் தண்ணி விசயத்தச் சொல்லு."

சொன்னேன். பின்னாளில் நான் கற்றுக்கொடுத்த ஒவ்வொரு மாணவனும் இறக்கைக்கடியில் நின்று தண்ணீர் வடிக்கும்போது அவன் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் வடித்தான். என் பறப்புப் பதிவேட்டின் கடைசிப் பக்கங்களில் இப்படிப் பறந்து திரும்பாத 11 பேர் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். எப்படிச் சிரிப்பான், எதில் கெட்டிக்காரன், அன்று என்ன தவறு நடந்தது எல்லாம் அதில் உண்டு. இறந்தவரின் தவறை எழுதுவது அவரை அவமதிப்பது என்பார்கள். நான் அதை ஒருநாளும் ஏற்கவில்லை.

விமானங்களில் இருக்கும் கருப்புப் பெட்டியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதை உருவாக்கிய டேவிட் வாரன் ஆஸ்திரேலியர். 1934-இல் கடலுக்கு மேல் காணாமல்போன விமானத்தில் அவருடைய தந்தை இருந்தார். அப்போது வாரனுக்கு 9 வயது. வளர்ந்து விஞ்ஞானியாகி, விமானியறைப் பேச்சைப் பதிவுசெய்யும் கருவியை 1950-களில் செய்தார். கோவில்பட்டித் தாய் என்னிடம் கேட்ட அதே கேள்விக்கு அந்தப் பெட்டி இன்று பதில் சொல்கிறது.

2015 ஜூன் 8 இரவு, சென்னையிலிருந்து ரோந்து சென்ற கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானம் நம் தமிழகக் கடலில் மறைந்தது. துணை கமாண்டன்ட்கள் வித்யாசாகர், சுபாஷ் சுரேஷ், எம்.கே. சோனி ஆகிய மூவர் அதில் இருந்தார்கள். கப்பல்களோடு ஒரு நீர்மூழ்கியும் தேடியது. ஒரு மாதத்துக்குப் பிறகு, ஏறத்தாழ 1,000 மீட்டர் ஆழத்திலிருந்து பெட்டியை எடுத்தார்கள். 2016 ஜூலை 22-இல் தாம்பரத்திலிருந்து 29 பேரோடு கிளம்பிய ஏ.என்.-32 விமானத்தின் சிதைவுகள் 3,400 மீட்டர் ஆழத்தில் இருப்பது 2024 ஜனவரியில்தான் தெரிந்தது. ஏழரை ஆண்டுகள். கிடைக்கப்போவது உயிர் அல்ல என்று தெரிந்த பிறகும் தேடினோமே, அந்தச் செலவில் ஒரு காசுகூட வீண் என்று நான் நினைக்கவில்லை. ஒக்கிப் புயலில் போனவர்களுக்காகக் கரையில் காத்திருந்த குடும்பங்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

இன்னொருவரையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், பிளையிங் கிளப்புகளில் பறக்கக் கற்ற இளைஞர்கள் விமானப்படையின் தன்னார்வப் பிரிவில் தாமாக முன்வந்து சேர்ந்தார்கள். கடற்கரைகளைக் காக்க அவர்களைக் கொண்டு தனிப் பிரிவுகள் அமைத்தபோது, முதலாவது சென்னையில் அமைந்தது. அந்தத் தன்னார்வலர்களில் ஒருவர் மன்மோகன் சிங், 1930-லேயே இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாக விமானம் ஓட்டியவர். 1942 மார்ச் 3 அன்று ஆஸ்திரேலியாவின் ப்ரூம் துறைமுகத்தில், நீரில் இறங்கும் கேட்டலினா விமானத்தின் விமானியாக இருந்தபோது, ஜப்பானியத் தாக்குதலில் இறந்தார். ப்ரூம் நம் தூத்துக்குடியைப் போல முத்துக் குளித்த ஊர். அன்று எரிந்து மூழ்கிய விமானங்களின் எலும்புக்கூடுகள் கடல் நன்றாக வற்றும் நாள்களில் இன்றும் வெளியே தெரிகின்றன. அந்த ஊர் அவற்றைப் பாதுகாத்து வைத்திருக்கிறது. நம் நாட்டில் மன்மோகன் சிங்கின் கதை எத்தனை பாடப் புத்தகங்களில் இருக்கிறது?

பக்கத்துக் குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். உங்களில் சிலர் அங்கே வேலைக்குப் போவீர்கள். போங்கள், பெருமையோடு போங்கள். ஒருநாள் உங்கள் கூட வேலை பார்த்தவர் ஒருவர் இல்லாமல் போகலாம். பலகையை உடனே துடைக்க வருபவரைத் தடுங்கள். என்ன நடந்தது என்று எழுதிவையுங்கள். அவர் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லுங்கள்.

கோவில்பட்டி அம்மா காலமாகும்வரை ஆண்டுதோறும் கருப்பட்டியோடு போய் வந்தேன். உங்கள் தெருவிலும் அப்படி ஒரு வீடு இருக்கும். கடலில் போனவர், மரத்திலிருந்து விழுந்தவர், சாலையில் அடிபட்டவர் யாரோ ஒருவருடைய வீடு. இந்த ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் உட்கார்ந்து, அவர் பெயரைச் சொல்லி, அவரைப் பற்றிக் கேளுங்கள்.