ஆற்றோடு ஏறிவரும் சியாக்காப்



சந்தையில் நாம் சியாக்காப் என்று கேட்டு வாங்கும் மீனைத் தமிழ்நாட்டில் கொடுவா என்பர். பாரசீக வளைகுடா முதல் வட ஆஸ்திரேலியா வரை அது பரவி வாழ்கிறது. அதன் வாழ்க்கை விந்தையானது. முதலில் ஆணாகவே பருவமடைகிறது. ஏறத்தாழ 6 முதல் 8 வயதுக்குள் பெண்ணாக மாறிவிடுகிறது. ஆகவே, தூண்டிலில் சிக்கும் மிகப் பெரிய சியாக்காப் பெரும்பாலும் தாய்மீனே. அதன் வயிற்றில் பல லட்சம் முட்டைகள் இருக்கக்கூடும். பெரிய மீன் பிடித்தவரைப் புகழ்கிறோம். இதை எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தருகே அது முட்டையிடுகிறது. குஞ்சுகள் ஏறுநீரோடு சதுப்புநிலக் காட்டுக்குள் புகுந்து வளர்கின்றன. பின்னர் அவற்றுள் பல ஆற்றில் எதிர்நீச்சலிட்டு நன்னீருக்கு வருகின்றன. நம் தோட்டத்து ஓடை கலக்கும் ஆறாகவும் அது இருக்கலாம்.

முற்காலத்தில் ரப்பர் ஆலைக் கழிவுநீர் ஆறுகளில் பிராணவாயுவைக் குறைத்து மீன்களை மூச்சுத்திணறச் செய்தது. 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டமும், அதன்கீழ் 1978இல் வந்த ரப்பர் ஆலை விதிகளும் அதற்குக் கட்டுப்பாடு விதித்தன. ஆனால், களைக்கொல்லி டின்னை ஓடையில் அலசுவோரை அருகிருந்து பார்ப்பவர் எவருமிலர்.

வளர்ப்பு மீன்தான் ஏராளமாகக் கிடைக்கிறதே என்பீர்கள். கூண்டில் வளரும் மீன் ஆற்று மீனுக்கு ஈடாகாது.

மருந்து தெளிக்கும் சகோதரிகளே, டின்னை அலசிய நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றிக் களைமீது அடித்துவிடுங்கள். தூண்டில்காரர்களே, சிறு குஞ்சையும் மிகப் பெரிய மீனையும் ஆற்றிலேயே விட்டுவிடுங்கள். நடுத்தர மீனே குழம்புக்குப் போதும்.