காவல் நாய்க்குக் கல்லீரல் நோய் வந்தால்



மாட்டுக்கு ஒன்று என்றால் அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டிக்கொண்டு போகிறோம். பட்டியையும் களத்தையும் காக்கிற நாய் இரண்டு நாள் சோறு தின்னாமல் படுத்தால், "வெயிலுக்குக் கிடக்குது, தானாச் சரியாப் போயிடும்" என்று விட்டுவிடுகிறோம். அப்படி விடக்கூடாத நோய் கல்லீரல் நோய்.

கல்லீரல் ரொம்பப் பொறுமையான உறுப்பு. பாதிக்கு மேல் பழுதாகும் வரையில்கூட வெளியே ஒன்றும் தெரியாது. தெரிகிறபோது நோய் முற்றியிருக்கும். நாய் இளைக்கும், வாந்தி எடுக்கும். கண்ணின் வெள்ளையும் ஈறும் மஞ்சளாகும். சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போகும். சில நாய்களுக்கு வயிறு மட்டும் பானைபோல உப்பும். விலா எலும்பு தெரியும். அது கொழுப்பு இல்லைங்க, நீர். இன்னும் முற்றினால் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நிற்கும், தடுமாறும், பழகிய ஆளையே அடையாளம் தெரியாமல் பார்க்கும். கல்லீரல் வடிகட்ட வேண்டிய நஞ்சு மூளைக்கு ஏறுவதால் வருவது இது. இதைப் பார்த்துப் பேய் பிடித்தது என்று சூடு போடுகிறவர்களும் உண்டு. வெறிநோயிலும் இதுபோன்ற குறி தெரியலாம். ஆகையால் வாயருகே கையைக் கொண்டுபோகாமல் கட்டிவைத்து மருத்துவரை அழையுங்கள்.

காரணம் பல. விவசாயியின் கையில் இருக்கிற காரணம் ஒன்று உண்டு. அது பூஞ்சைக் கடலை, பூஞ்சை மக்காச்சோளம்.

ஈரத்தோடு மூட்டை கட்டிய கடலையில் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை வளர்ந்து அஃப்லாடாக்ஸின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்தபோதுதான், தீவனத்தில் சேர்த்த கடலைப் பிண்ணாக்கைச் சோதித்து இதைக் கண்டுபிடித்தார்கள். 1974-இல் நம் நாட்டிலேயே, ராஜஸ்தான் - குஜராத் எல்லைப்பக்கக் கிராமங்களில் அறுவடை நேரத்து மழையில் நனைந்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு 106 பேர் இறந்தார்கள். மஞ்சள் காமாலை, வயிற்றில் நீர். அதே வீடுகளில் அதே சாப்பாட்டைத் தின்ற நாய்களுக்கும் அதே நோய்.

"நல்லா வேகவைச்சுத்தானே போடுறோம்" என்பீர்கள். இந்த நஞ்சு கொதிக்கிற சூட்டுக்கு அழியாது. மாட்டுக்குப் போட்டாலும் பாலில் இறங்கும். ஆக, சொத்தைக் கடலையை நாய்க்கும் போடாதீர்கள், மாட்டுக்கும் போடாதீர்கள்.

அடுத்த காரணம் எலிக்காய்ச்சல். எலி மூத்திரம் கலந்த தண்ணீரால் நாய்க்குத் தொற்றி, கல்லீரலையும் சிறுநீரகத்தையும் சேர்த்துக் கெடுக்கும். நாயின் மூத்திரத்திலிருந்து நமக்கும் வரும். காய்ச்சலோடு மஞ்சளான நாயைக் கையுறை போட்டுத் தொடுங்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் கண்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நாயின் நோயையும் சொல்லுங்கள். குட்டியிலேயே தொடங்கி ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டால் இதில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். வைரஸால் வரும் கல்லீரல் அழற்சிக்கும் அந்தக் கூட்டுத் தடுப்பூசியிலேயே பாதுகாப்பு இருக்கிறது.

மூன்றாவது, நாம் கொடுக்கும் மருந்து. காய்ச்சல் என்று பாராசிட்டமால் மாத்திரையை உடைத்துப் போடுகிறார்கள். அது நாயின் கல்லீரலையும் ரத்தத்தையும் கெடுக்கும்.

நோய் வந்துவிட்டது, என்ன செய்வது? கீழாநெல்லியை அரைத்துக் கொடுத்துவிட்டு ஒரு வாரம் காத்திருக்காதீர்கள். மஞ்சள் என்பது நோயின் அடையாளம்தான். எலிக்காய்ச்சலுக்கு வேறு மருந்து, நஞ்சுக்கு வேறு சிகிச்சை; ரத்தம் சோதித்தால்தான் தெரியும். ஸ்கேன் வேண்டுமென்றால் சென்னை வேப்பேரியிலும் நாமக்கல்லிலும் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்குப் போகலாம். போகும்போது கடைசியாகப் போட்ட தீவனத்தில் ஒரு கைப்பிடி பொட்டலம் கட்டிக்கொண்டு போங்கள். எத்தனையோ கேள்விக்கு அது பதில் சொல்லும்.

வீட்டுப் பராமரிப்பில்தான் நாய் பிழைப்பது பாதி. ஒரே வேளையாகப் போடாமல் நாலைந்து வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். குழைந்த சோறு, தயிர், அவித்த முட்டை நல்லது. கல்லீரல் நோய் என்றாலே புரதத்தை நிறுத்திவிட வேண்டும் என்பது சரியல்ல. உடம்பு இன்னும் உருகும். தலை தடுமாறுகிற நாய்க்கு மட்டும் கறியைக் குறைத்து, முட்டை, தயிரின் அளவை மருத்துவரைக் கேட்டுக் கொடுக்கலாம். அப்படிப்பட்ட நாய்க்கு லாக்டுலோஸ் என்ற பாகுமருந்து எழுதித் தருவார். மலம் இளகிப் போவதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடாதீர்கள், நஞ்சு அந்த வழியாகத்தான் இறங்குகிறது. வயிற்றில் நீர் கோத்திருந்தால் உப்பு, கருவாடு, ஊறுகாய்ச் சோறு கூடவே கூடாது. தண்ணீரைத் தடுக்காதீர்கள். வாரம் ஒருமுறை ஒரு கயிற்றால் வயிற்றுச் சுற்றளவைப் பிடித்து முடிச்சுப் போட்டு வையுங்கள். நீர் ஏறுகிறதா, வடிகிறதா என்று அந்த முடிச்சு சொல்லிவிடும்.

சீக்கிரம் கவனித்தால் கல்லீரல் மறுபடி வளரும் தன்மை உடையது. வேறெந்த உறுப்புக்கும் அவ்வளவு கிடையாது. தழும்பாகிச் சுருங்கிவிட்டால் மீளாது. ஆனாலும் சாப்பாட்டையும் மருந்தையும் வைத்து நாய் வலியில்லாமல் மாதக்கணக்கில் இருக்கலாம். அதுவும் முடியாத நிலையில், தின்னவும் எழவும் முடியாமல் கிடந்தால், அமைதியாக முடித்து வைப்பது பற்றி மருத்துவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். சாலையோரம் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவது நமக்கு அழகல்ல.

அடுத்த அறுவடையில் கடலையைக் குலுக்கினால் காய்க்குள் பருப்பு ஆடிச் சத்தம் கேட்கிற அளவுக்குக் காயப்போட்ட பிறகே மூட்டை கட்டுங்கள். மூட்டையைத் தரையில் அடுக்காமல் பலகைமேல் அடுக்குங்கள். பொறுக்கி எடுத்த பூஞ்சைக் காயைக் குப்பைமேட்டில் கொட்டாமல், நாயும் கோழியும் கிளறாத ஆழத்தில் குழிவெட்டிப் புதையுங்கள்.